ஜேனட்டின் சாவுச் சட்டை

மே மாதம் பண்ணையாட்கள் இடம் மாறும் நாளில், ஆடம் டர்ன்புல்லின் வண்டி கிரேஹோப் பண்ணையின் மேட்டு வீட்டு வாசலில் வந்து நின்றது. எல்லைப்புறத்து மேய்ப்பர்களுக்கு இது வழக்கம்தான். முதலாளி சரியில்லை என்றால் மே மாதம் மூட்டை கட்டுவது, அடுத்த பள்ளத்தாக்கில் போய் அவிழ்ப்பது. அறுபத்தாறு வயதுக்குள் ஆடம் பதினோரு முதலாளிகளைப் பார்த்துவிட்டான். ஒருவனையும் நம்பியதில்லை. போதகரை நம்பியதில்லை. வைத்தியனை நம்பியதே இல்லை.

வண்டியில் ஒரு மேஜை, இரண்டு நாற்காலி, ஒரு மரப்பெட்டி, எட்டுக் கோழி, அப்புறம் அவன் மனைவி ஜேனட். அவளை வைக்கோல் மெத்தையில் கிடத்திக் கயிறு போட்டுக் கட்டியிருந்தான். போன வருஷம் பால் கறந்துகொண்டிருந்தவள் அப்படியே சரிந்தாள். அன்றிலிருந்து வாய் பேசும், வலது கை கொஞ்சம் அசையும். மற்றதெல்லாம் மரக்கட்டை.

நவம்பரிலிருந்து பூட்டிக் கிடந்த வீடு. எலிப் புழுக்கையும் ஒட்டடையும் இருக்கும் என்று நினைத்துத்தான் ஆடம் கதவைத் தள்ளினான்.

ஒரு தூசு இல்லை.

தரைக்கல் பளபளத்தது. அடுப்பு மேடை பளபளத்தது. சுவரோடு அலமாரிபோலப் பதித்த கட்டிலின் இரண்டு மரக்கதவும் எண்ணெய் பூசியதுபோல மின்னின. தொட்டுப் பார்த்தான். ஈரம். புளித்த பாலும் நனைந்த நாயும் சேர்ந்தால் வருமே, அப்படி ஒரு வாடை.

"யாரோ நமக்காகத் துடைச்சு வெச்சிருக்காங்க," என்றாள் ஜேனட்.

"சும்மா எவன் துடைப்பான்," என்றான் ஆடம்.

அன்று சாயங்காலம் கீழ் வீட்டு ஆக்னஸ் ஓட்ஸ் ரொட்டி கொண்டுவந்தாள். அவள் புருஷன் ராப் நிஸ்பெட்டும் அதே பண்ணையில் மேய்ப்பன்தான். ரொட்டியை வைத்துவிட்டு ஆக்னஸ் குரலைத் தாழ்த்திச் சொன்ன விஷயம் இது: இந்த வீட்டில் ஒரு பழுப்பன் இருக்கிறது, வீட்டு வேலை செய்கிற குட்டிப் பூதம். வீட்டுக்குள் அந்தப் பெயரைச் சத்தமாகச் சொல்லக்கூடாது. ஆள் விழித்திருந்தால் வராது, ஆள் தூங்கினாலோ வெளியே போனாலோ வந்து எல்லா வேலையும் செய்யும். அடுப்புப் பக்கம் குழி விழுந்த கல் ஒன்று இருக்கிறதே, அதில் தினமும் ஒரு கை பாலாடை ஊற்றிவைத்தால் போதும். நன்றி சொல்லக்கூடாது. குறை சொல்லக்கூடாது. துணிமணி கொடுக்கவே கூடாது. கொடுத்தால் கூலி தீர்ந்தது என்று எடுத்துக்கொண்டு போய்விடும்.

துணி கொடுத்தாலும் நல்ல துணியாக இருக்கவேண்டுமாம். ஆற்றுக்கு அந்தப் பக்கம் ஒரு கஞ்சன் சாக்குத் துணியில் சட்டை தைத்து வைத்தான். அது கோபித்துக்கொண்டு போயிற்று, அந்த வாரமே ஆறு மாடு செத்தன.

ஆடம் சிரித்தான். பால் கறக்கும் பெண்கள் பொழுது போகாமல் கட்டுகிற கதை என்றான். ஜேனட்தான் கெஞ்சினாள். வாக்குவாதம் வேண்டாமென்று ஊற்றினான். ஏதாவது பூனை குடித்துவிட்டுப் போகும் என்று நினைத்தான். ஆனால் அந்த வீட்டில் எந்தப் பூனையும் தங்கவில்லை.

அதன்பிறகு அவன் பாத்திரம் கழுவியதே இல்லை. போட்டது போட்டபடி படுத்தால், காலையில் எல்லாம் அடுக்கியிருக்கும். வெண்ணெய் கடைந்திருக்கும். தட்டுகள் மட்டும் எப்போதும் கொஞ்சம் ஈரமாக இருக்கும். ஈரம் காய்ந்த இடத்தில் நத்தை ஊர்ந்த தடம்போல ஒரு மினுக்கம். ஒருநாள் வெண்ணெயில் ஒரு மயிர் வந்து பல்லில் சுற்றிக்கொண்டது. இழுத்தான், வந்துகொண்டே இருந்தது. முழங்கை நீளம், பழுப்பு நிறம். மாட்டு வாலாக இருக்கும் என்று எறிந்துவிட்டு மிச்ச ரொட்டியைத் தின்றான்.

ஜேனட்டின் முதுகில் படுக்கைப் புண் இருந்தது. இடுப்புக்கு மேலே இரண்டு, கீழே ஒன்று. கீழே இருந்தது ஆழம், விரல் போகும். சனிக்கிழமைதோறும் ஆக்னஸ் வந்து கழுவிக் கட்டுவாள். அந்த நேரம் ஆடம் ஆட்டைப் பார்க்கப் போகிறேன் என்று கிளம்பிவிடுவான். வெயில் காலத்தில் ஆட்டின் பின்புறத்தில் புழு வைத்தால், வெறும் விரலால் ஒவ்வொன்றாக நோண்டி எடுத்துவிட்டு அதே கையைப் புல்லில் துடைத்து ரொட்டி தின்கிறவன்தான் அவன். ஆனால் பெண்டாட்டியின் முதுகைப் பார்க்க அவனால் முடியவில்லை. கட்டை அவிழ்க்கும்போது வருகிற அந்த வாடை. வாசலுக்கு வெளியே நின்றால்கூட வந்தது.

ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை ஆக்னஸ் வெளியே வந்து அவனை விசித்திரமாகப் பார்த்தாள்.

"கட்டு யார் மாத்துறது? நீங்களா?"

"நானா? என்ன சொல்ற நீ?"

"மேல இருந்த ரெண்டும் மூடிடுச்சு. கீழ இருக்கறதும் பூ மாதிரி செவப்பா இருக்கு. சீழே இல்லை. என் வாழ்க்கையில இப்படி ஒண்ணைப் பார்த்ததில்லை."

ஜேனட்டைக் கேட்டால் மலைக்காற்று நல்ல காற்று என்றாள். சொல்லும்போது கண்ணை மூடிக்கொண்டாள். நாற்பத்திரண்டு வருஷம் கூட வாழ்ந்தவள். பொய் சொல்லும்போது கண்ணை மூடுவாள் என்று ஆடமுக்குத் தெரியும்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை கறுப்புக் கோட்டைப் போட்டுக்கொண்டு தேவாலயத்துக்குக் கிளம்பினான். பாலம்வரை போனான். எல்லாரும் முன்னால் போகட்டும் என்று நின்றான். பிறகு ஓடைக்கரையோடு திரும்பி, வீட்டின் பின்பக்கம் வந்து, சின்னச் சன்னலில் முகத்தை வைத்தான். நல்ல வெயில். பத்து மணிகூட ஆகவில்லை.

முதலில் சத்தம்தான் கேட்டது.

சளப். சளப். பசு தன் கன்றை நக்குகிற சத்தம்.

கட்டிலின் கதவுகள் திறந்திருந்தன. ஜேனட்டை யாரோ ஒருக்களித்துப் படுக்கவைத்திருந்தார்கள். முதுகு திறந்துகிடந்தது. அவள்மேல் ஒன்று குனிந்திருந்தது.

பத்து வயதுப் பிள்ளையின் உயரம்தான் இருக்கும். உடம்பெல்லாம் பழுப்பு மயிர், எச்சிலில் நனைந்து சடை சடையாக ஒட்டியிருந்தது. கையில் விரல் பிரியவில்லை, கட்டைவிரல் தவிர மற்றதெல்லாம் ஒரே தோல். முகத்தில் மூக்கு இருக்கவேண்டிய இடத்தில் இரண்டு துளை மட்டும். நாக்கு மாட்டு நாக்கு நீளம், சாம்பல் நிறம். புண்ணின் ஓரத்திலிருந்து நடுவுக்கு. நடுவிலிருந்து ஓரத்துக்கு. அவசரமே இல்லை. ஆழமான இடத்தில் நாக்கை மடித்து உள்ளே விட்டது.

முழுங்கியது.

பிறகு கட்டைப் பழையபடி கட்டி, போர்வையை இழுத்து மூடி, மேஜைக்கு வந்தது. காலையில் ஆடம் கஞ்சி குடித்த கிண்ணம் அங்கே இருந்தது. அதை இரண்டு கையாலும் எடுத்தது.

அதே நாக்கு.

ஆடம் சன்னலுக்குக் கீழே, செந்தட்டிச் செடிகள்மேல், மே மாதத்திலிருந்து தின்றதையெல்லாம் எடுப்பதுபோல வாந்தி எடுத்தான்.

தேவாலயம் விடும் நேரம்வரை ஓடைக்கரையில் உட்கார்ந்துவிட்டு உள்ளே போனபோது, வீட்டில் ஜேனட்டைத் தவிர யாருமில்லை. தரை ஈரமாக இருந்தது.

"எத்தனை நாளா?" என்றான்.

அவளுக்குப் புரிந்துவிட்டது. "வந்த மறுநாள்லேருந்து."

"எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலை."

"சொன்னா வெரட்டிடுவே."

"உனக்கு அருவருப்பா இல்லையாடி?"

"மொத நாள் இருந்துச்சு. கண்ணை மூடிக்கிட்டேன். நாக்கு சூடா இருந்துச்சு, மனுஷா. ஒரு வருஷமா என்னை யாரும் சூடா தொடலை."

"ஆக்னஸ் வர்றாளே."

"ஆக்னஸ் மூக்கைப் பொத்திக்கிட்டுத் தொடறா. நீ கதவுக்கு அந்தாண்ட நிக்கறே. அதுக்கு மூக்கே இல்லை." சொல்லிவிட்டு அவளே சிரித்தாள். பிறகு வலது கையால் அவன் சட்டைக் கையைப் பிடித்தாள். "இந்த ஒரு புண்ணு மூடிட்டா நான் எந்திரிச்சு உக்காருவேன். குளிர்காலம் தாண்டிடுவேன். அது வரைக்கும் விட்டுடு. அப்புறம் நீ என்ன வேணாலும் பண்ணிக்க."

ஆடம் தன் சட்டைக் கையை அவள் பிடியிலிருந்து மெல்ல விடுவித்துக்கொண்டான்.

அன்றிலிருந்து பாலாடை ஊற்றுவதை நிறுத்தினான். தீனி இல்லாவிட்டால் போய்விடும் என்று கணக்குப் போட்டான். போகவில்லை. பாத்திரங்களை மணல் போட்டுத் தானே தேய்த்துக் கவிழ்த்தான். காலையில் நிமிர்ந்து, ஈரமாக, மினுக்கமாக இருந்தன. வீட்டில் சாப்பிடுவதை விட்டான். மேய்ச்சலில் பச்சை டர்னிப் கிழங்கைக் கடித்துக்கொண்டு திரிந்தான். சில நாள் கீழ் வீட்டில் போய் உட்காருவான், ஆக்னஸ் கேள்வி கேட்காமல் தட்டு வைப்பாள். இளைத்துப்போனான். ஜேனட் மட்டும் தேறிக்கொண்டே வந்தாள், கன்னத்தில் நிறம் ஏறியது.

அக்டோபரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை எழுந்தபோது அவன் தாடி ஈரமாக இருந்தது.

முந்தின நாள் ராப் வீட்டில் குடித்த ஆட்டுச் சாறு தாடியில் காய்ந்திருந்தது. இப்போது இல்லை. தாடி மயிர் பிரிபிரியாகச் சுத்தமாக இருந்தது. உதட்டோரமும் ஈரம்.

ஆடம் ஓடைக்குப் போய், தோல் உரியும்வரை முகத்தைத் தேய்த்தான். திரும்பி வரும்போதே முடிவு செய்துவிட்டான்.

துணி வேண்டும், நல்ல துணியாக வேண்டும். ஆனால் அவனிடம் இருந்ததெல்லாம் முரட்டுக் கம்பளி. கல்யாணச் சட்டை கிழிந்து பல வருஷம் ஆயிற்று. மரப்பெட்டியைத் திறந்து அடிவரை துழாவினான். அடியில் அது இருந்தது.

அந்தப் பக்கத்தில் கல்யாணமான பெண் முதல் குளிர்காலத்தில் செய்கிற முதல் வேலை, புதைக்கும்போது உடுத்தத் தன் சாவுச் சட்டையைத் தைப்பது. ஜேனட் லினன் நெய்கிற ஆளிநாரை வாங்கித் தானே நூற்றாள், நெசவாளியின் பக்கத்தில் நின்று நெய்வித்து வாங்கினாள், தானே தைத்தாள். கழுத்துப் பட்டையில் சிவப்பு நூலால் தன் பெயரின் இரண்டு எழுத்து. வருஷத்துக்கு ஒருமுறை வெயிலில் போட்டு மடித்து வைப்பாள். நான் இந்த வீட்டுக்காரி என்பதற்கு இதுதான் அத்தாட்சி என்று விளையாட்டாகச் சொல்வாள். பாலாடையைப்போல மெத்தென்றிருந்தது. வீட்டில் வேறு நல்ல துணி ஒரு முழம்கூட இல்லை.

நவம்பரில் துணி மூட்டைக்காரன் வருவான், அவள் சாவதற்குள் வேறொன்று வாங்கிக்கொள்ளலாம் என்று ஆடம் நினைத்தான். ஜேனட்டின் முகம் சுவர்ப்பக்கம் இருந்தது. சட்டையைக் குழிக்கல்லின்மேல் விரித்து வைத்துவிட்டு தேவாலயத்துக்குப் போனான். அன்றைக்குப் பிரசங்கம் நீளம். அவனுக்கு அது காதில் விழவில்லை, ஆனால் பல மாதங்களுக்குப் பிறகு பசித்தது.

இரண்டு மணிக்கு மழையில் நனைந்து வந்து கதவைத் திறந்தான். கல்லின்மேல் சட்டை இல்லை. மேஜைமேல் காலையில் ஜேனட்டுக்குக் கஞ்சி ஊட்டிய கிண்ணம், கஞ்சி வறண்டு ஒட்டியபடி, அப்படியே இருந்தது. அந்த வீட்டில் முதன்முதலாக ஒரு அழுக்குப் பாத்திரம். ஆடமுக்கு அதை முத்தமிடலாம் போலிருந்தது.

கட்டிலின் கதவுகள் மூடியிருந்தன. காற்றில் தானாகச் சாத்திக்கொண்டிருக்கும் என்று நினைத்தான்.

"ஜேனட், அது போயிடுச்சு," என்றான்.

உள்ளேயிருந்து, "ம்," என்று வந்தது.

அவனுக்குக் கொஞ்சம் வெட்கமாக இருந்தது. நெருப்பைக் கிளறித் தண்ணீர் வைத்தான். கோபப்படாதே என்றான். இனி புண்ணை நானே கழுவுகிறேன், ஆட்டுக்குச் செய்கிறவன் உனக்குச் செய்யமாட்டேனா என்றான். அதற்கும் ஒரு "ம்". வெந்நீரும் கந்தல் துணியும் எடுத்துக்கொண்டு, கல்யாணம் ஆன நாளிலிருந்து செய்யாத ஒரு வேலையைச் செய்கிற ஆள்போல, மெதுவாகக் கட்டில் கதவைத் திறந்தான்.

சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். தலையில் ராக்குல்லாய். தோளில் வெள்ளைத் துணி. கழுத்துப் பட்டையில் சிவப்பு எழுத்து.

இவளுக்கு யார் இதைப் போட்டுவிட்டார்கள்?

பழைய அருவருப்பில் கண்ணைப் பாதி மூடிக்கொண்டு, முதுகுப்பக்கம் துணியைத் தூக்கிக் கையை வைத்தான்.

சூடாக இருந்தது.

மயிர்.

அது திரும்பியது. இரண்டு துளைகளும் விரிந்து, அவனை முகர்ந்தன. பிறகு, படுக்கையில் நகர்ந்து, அவனுக்கு இடம் விட்டது.

வெந்நீர் அவன் காலில் கொட்டியது அவனுக்குத் தெரியவில்லை. மழைக்குள் ஓடினான். அது அவள் இடத்தில் இருக்கிறது என்றால், அவள் எங்கே? அது இத்தனை நாள் எங்கே படுத்தது?

மாட்டுக் கொட்டிலின் கோடியில், பண்ணை கொடுத்த பசுவுக்குப் பின்னால், வைக்கோலை வட்டமாக அமுக்கிய ஒரு கூடு இருந்தது. பழுப்பு மயிர் அப்பியிருந்தது. அதற்குள் ஜேனட் கிடந்தாள். உடம்பில் ஒரு நூல் இல்லை. தலையிலிருந்து கால்வரை நக்கித் துடைத்து, தோலுரித்த டர்னிப்பைப்போல வெளுத்திருந்தாள். உதடு நீலம். மூச்சு இருந்தது.

ஆடம் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றினான்.

"என் சட்டையை அதுக்குக் குடுத்தியா?" என்றாள். குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"போகட்டும்னு குடுத்தேன்."

"கூலிச் சட்டைன்னா போயிருக்கும், மனுஷா. அது வீட்டுக்காரி சட்டை."

அவளைத் தூக்கும்போது அவன் உள்ளங்கை அவள் முதுகில் பட்டது. புண் எங்கேயும் இல்லை. கீழே இருந்ததும் மூடி, புதுத்தோல் வழவழத்தது. கீழ் வீட்டுக்குப் பாதி வழியில் அவள் கழுத்து தளர்ந்துவிட்டது.

ராப் நாயைக் கூட்டிக்கொண்டு மேலே போய்ப் பார்த்தான். நாய் வாசலைத் தாண்டவில்லை. கட்டில் காலியாக இருந்தது, படுக்கை ஒழுங்காக விரித்திருந்தது. ஜேனட்டுக்குப் புத்தி பேதலித்துத் தவழ்ந்து போயிருப்பாள் என்று ஊரார் பேசிக்கொண்டார்கள். மரக்கட்டையாகக் கிடந்தவள் எப்படித் தவழ்ந்தாள் என்று யாரும் கேட்கவில்லை. ஆடமும் வாயைத் திறக்கவில்லை. ஆக்னஸின் படுக்கை விரிப்பில் சுற்றிப் புதைத்தார்கள்.

மே மாதத்துக்கு முன்னால் வேறு எவனும் வேலை தரமாட்டான், வேலை இல்லையென்றால் தங்க வீடு இல்லை. ஆடம் நாற்காலியில் தூங்கினான். கட்டில் கதவுகளை எட்டு ஆணி அடித்து மூடினான். காலையில் எட்டு ஆணியும் குழிக்கல்லில் கிடந்தன, துரு போய், ஈரமாக. திரும்ப அடித்தான். மூன்றாவது நாளோடு அடிப்பதை நிறுத்தினான். பாத்திரங்கள் மட்டும் அழுக்காகவே கிடந்தன. வேலைக்காரன் செய்கிற வேலையை வீட்டுக்காரி ஏன் செய்யவேண்டும் என்று ஒருநாள் அவனுக்குத் தோன்றியது. தோன்றியதும் எழுந்து வெளியே பனியில் போய் நின்றான்.

பிப்ரவரியில் ஓடைப் பனிக்கட்டியில் வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிந்தது. ராப்பும் இன்னொரு ஆளும் ஒரு கதவுப் பலகையில் தூக்கிவந்தார்கள்.

"கட்டில்ல வேணாம்," என்றான் ஆடம். "நாற்காலியில வெச்சிட்டுப் போங்கடா."

"இடுப்பு ஒடிஞ்ச ஆளை நாற்காலியில வெக்கச் சொல்றாரு பாரு," என்றான் ராப். "அந்தம்மா எந்திரிச்சு வந்து உங்களைக் கடிக்கவா போறாங்க? பேசாம படுங்க."

ஆடம் கத்தினான். துக்கத்தில் கத்துகிறான் என்று நினைத்தார்கள். உள்ளே கிடத்தினார்கள். ஆக்னஸ் போர்வையைச் சரிசெய்யும்போது, படுக்கைமேல் கையை வைத்துக்கொண்டு ஒரு நிமிஷம் நின்றாள்.

"ஆச்சரியமா இருக்கு. ஆளில்லாத படுக்கை இவ்வளவு சூடா இருக்கு," என்றாள். சனிக்கிழமைதோறும் வந்து கழுவிவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு, காற்றுக்கு இரண்டு கதவையும் சாத்தினாள்.

நாலு வாரத்தில் அவன் முதுகில் புண் வந்தது. அதன் வாடை அவன் மூக்குக்கே வந்தது. சனிக்கிழமை ஆக்னஸ் கட்டை அவிழ்த்தாள். முகத்தைத் திருப்பி, சால்வை நுனியால் மூக்கைப் பொத்திக்கொண்டாள். அவள் அறியாமல்தான் செய்தாள். ஆடம் பார்த்துவிட்டான்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பள்ளத்தாக்கில் எல்லாரும் தேவாலயத்துக்குப் போய்விட்டார்கள். கட்டில் கதவிடுக்கில் ஒரு கோடு வெயில் விழுந்தது. முதுகுப்பக்கம், சுவரோரம், புளித்த பாலின் வாடை வந்தது. மெல்லிய துணி சரசரத்தது. யாரோ அவன் கட்டை அவிழ்த்தார்கள்.

ஆடம் கண்ணை மூடிக்கொண்டான்.

நாக்கு சூடாக இருந்தது.